20 என்றால் 72: ஐஸ்லாந்தின் காற்று அறிவிப்பைப் படிப்பது எப்படி?

மறுபடியும் ஒரு கார் கதவு. திறந்த வேகத்தில் காற்று அதை முன்பக்கமாக மடக்கிக் கீலோடு பிய்த்துவிட்டது. ஐஸ்லாந்தில் வாடகைக் கார் எடுக்கும் பயணிகளுக்கான அறிவுறுத்தல்களையும், பிறகு வரும் சேத அறிக்கைகளையும் ஐஸ்லாந்து மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பது என் தொழில். குளிர்காலம் வந்தால் அறிக்கைகளில் ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: "அறிவிப்பில் 22 என்றுதான் போட்டிருந்தது."

அந்த 22 என்ற எண், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு அல்ல. நொடிக்கு இத்தனை மீட்டர். ஐஸ்லாந்தின் வானிலை அலுவலகம் காற்றை இப்படித்தான் சொல்கிறது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரிய 3.6 ஆல் பெருக்குங்கள். 10 என்றால் 36, 15 என்றால் 54, 20 என்றால் 72, 25 என்றால் 90. அந்தப் பயணி பார்த்த 22 ஏறக்குறைய 79 கிலோமீட்டர். இந்திய வானிலைத் துறை 62 கிலோமீட்டரிலேயே புயல் என்று அறிவித்துப் பெயர் சூட்டிவிடும். அந்த வேகத்தில் நம் ஊரில் ஒரு குழந்தையிடம் கார் கதவைத் திறக்கச் சொல்வோமா? இன்னொன்றும் உண்டு. அந்த எண் பத்து நிமிடச் சராசரி. மலைச்சரிவில் இறங்கும் திடீர் வீச்சு அதைவிட மிகவும் முரடாக இருக்கும். ரெய்க்யாவிக்கை விட்டு வடக்கே கிளம்பியதும் வரும் கியாலர்னெஸ் இதற்குப் பேர்போன இடம்.

எண்ணை விட்டால் சொல் இன்னும் ஏமாற்றும். ஐஸ்லாந்து மொழியில் 'ஸ்டோர்முர்' என்பது, காற்றின் வலிமையைப் படிகளாகப் பிரிக்கும் போஃபோர்ட் அளவுகோலின் 9-ஆம் படி. அதற்கு மேல் 'ரோக்', 'ஒஃப்சவேதுர்', 'ஃபௌர்வித்ரி' என்று மூன்று படிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'ஸ்டார்ம்' என்று எழுதினால் பயணி இடியும் மழையும் என்று நினைத்துக் குடையை எடுத்துக்கொள்கிறார். ஆங்கில விளம்பரங்கள் 'எக்ஸ்ட்ரீம்' என்ற சொல்லைச் சிப்ஸ் பாக்கெட்டு வரைக்கும் ஒட்டித் தேய்த்துவிட்டன. அதனால் அந்தச் சொல் இல்லாத அறிவிப்பு யாருக்கும் உறைப்பதில்லை. ஐஸ்லாந்துக்காரர்களுக்கு மிகைப்படுத்தத் தெரியாது என்று எண்ண வேண்டாம். வீட்டுப் பேச்சில் 'பழைய' என்ற சொல்லுக்கு முன்னால் 'நெருப்பு' என்று சேர்த்து மிகப் பழையது என்பார்கள், 'நனைந்த' என்பதற்கு முன்னால் 'நாய்' என்று சேர்த்துத் தொப்பலாக நனைந்தவன் என்பார்கள். அரசு அறிவிப்பில் அதெல்லாம் வராது. அளந்த படிக்கு உரிய சொல்லை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அடக்கமாக எழுதியிருக்கிறதே என்று ஆபத்தையும் அடக்கமாக நினைப்பதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு.

சாலை நிலவரத்திலும் இதே கதைதான். 'ஹௌல்கா' என்றால் வழுக்கும் பனிக்கட்டி. முன்னால் 'ஃப்ளுக்' சேர்ந்தால் அதன் உச்சம்: பனிக்கட்டியின் மேல் மழைநீர் நிற்கும் நிலை. வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே ஏறும்போதுதான் இது பெரும்பாலும் வரும், 'உருகுகிறது, நல்லது' என்று பயணிகள் கிளம்பும் அதே நேரத்தில். அவசரமாகச் செய்யும் மொழிபெயர்ப்பு அந்த முன்னொட்டை விழுங்கிவிடும். சக மொழிபெயர்ப்பாளர்களே, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் வாக்கியம் நீண்டாலும் பரவாயில்லை.

2017 முதல் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிற எச்சரிக்கைகள் இருக்கின்றன. முதல் சிவப்பு 2019 டிசம்பரில்தான் வந்தது. ஆகவே சிவப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மஞ்சளுக்கே பயணத்தை மாற்றுங்கள்.

காரைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்துங்கள். கதவை இரு கைகளாலும் பிடித்துத் திறங்கள், ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும். காற்றில் போன கதவுக்கு வழக்கமான வாடகைக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது, கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். கிளம்பும் முன் சாலைத் துறையின் 1777 எண்ணை அழையுங்கள். மூடிய சாலையின் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். உங்களை மீட்க அந்தக் காற்றில் இறங்கி வருபவர்கள் தன்னார்வலர்கள், தங்கள் வேலையையும் குடும்பத்தையும் விட்டு வருகிறார்கள். தயவுசெய்து விடுதியிலேயே இன்னோர் இரவு தங்குங்கள்.