கருடன் சுற்றினால் கன்னத்தில் போடுகிறோம், கழுகு சுற்றினால்?

பினாங்கில் ஒரு கோயில் கும்பாபிஷேகம். காலை பத்து மணி இருக்கும். கலசத்துக்கு நீர் ஊற்றப்போகும் நேரத்தில் "கருடன்! கருடன்!" என்று ஒரு குரல். மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மேலே ஒரு செம்பருந்து, இறக்கையை அசைக்காமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"மாமா, படத்துல பாலைவனத்துல ஆள் சாகப்போறப்பவும் இப்படித்தானே சுத்தும்?" என்றாள் என் அக்கா மகள். அக்கா அவளை அதட்டினார். ஆனால் அது நல்ல கேள்வி.

வெயில் ஏறும்போது தார்ச்சாலையும் தகரக் கூரையும் பக்கத்து மரநிழலைவிடச் சீக்கிரம் கொதிக்கும். அதன் மேலிருக்கும் காற்று சூடாகி, லேசாகி, தூண் மாதிரி மேலே எழும். அந்தத் தூணில் நேராகப் பறந்தால் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிட வேண்டியதுதான். உள்ளேயே இருந்து உயரம் ஏற வேண்டுமென்றால் சுற்றித்தான் ஆகவேண்டும். பினாங்கின் கொம்தார் கோபுரத்தில் நாம் லிஃப்ட் ஏறுவது போலத்தான், காசும் இல்லை, களைப்பும் இல்லை. உச்சிக்குப் போனதும் சறுக்கிக்கொண்டே அடுத்த தூணுக்குப் போய்விடலாம்.

செம்பருந்துக்கு இது வசதி. பிணந்தின்னிக் கழுகுக்கு இதுதான் பிழைப்பே. எட்டுப் பத்து கிலோ உடம்பை இறக்கை அடித்தே நாள் முழுக்கத் தூக்கிச் சுமப்பது கட்டுப்படியாகாது. ஆண்டிஸ் மலையின் காண்டோர் கழுகுகள் மேல் கருவி பொருத்திச் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. பறக்கும் நேரத்தில் அவை இறக்கை அடித்தது சுமார் 1 சதவீதம்தான். அதில் ஒன்று 5 மணி நேரத்துக்குமேல், 172 கிலோமீட்டர் தூரம், ஒருமுறைகூட அடிக்கவில்லை!

ஆக, கழுகு வட்டமிட்டால் கீழே யாரோ சாகிறார்கள் என்று பொருளில்லை. பெரும்பாலும் அது உயரம் ஏறுகிறது, இல்லையென்றால் தேடுகிறது. ஆனாலும் அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. ஒரு கழுகு இறங்குவதைத் தூரத்தில் சுற்றும் இன்னொன்று பார்த்துவிடும், அதைப் பார்த்து வேறொன்று வரும். வெறும் வானத்திலிருந்து கூட்டமே வந்து இறங்கும். போர்க்களத்தில் இதைப் பார்த்தவர்களுக்கு வேறெப்படித் தோன்றும்? சங்கப் பாடல்களின் களத்தில் பாறு, எருவை என்ற பிணந்தின்னிக் கழுகுகள் வருவது அப்படித்தான்.

எகிப்தில் கதையே வேறு. 'அம்மா' என்ற சொல்லையே கழுகு உருவத்தால் எழுதினார்கள். கழுகில் ஆணே கிடையாது, எல்லாம் பெண், காற்றால் கருவுறும் என்று எகிப்தியர் நம்பியதாகக் கிரேக்கர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் வந்த குழப்பமாக இருக்கலாம். சிரிக்க வேண்டாம்: கலிபோர்னியா காண்டோர் குஞ்சுகள் இரண்டு தகப்பனே இல்லாமல் பிறந்தவை என்று 2021இல் மரபணுச் சோதனை சொன்னது. என்ன, இரண்டுமே ஆண்!

திபெத்தியரும் பார்சிகளும் இறந்தவரைக் கழுகுக்கே கொடுத்தார்கள். அது அசுத்தமில்லை, சுத்திகரிப்பு. அதன் இரைப்பை அமிலத்தில் நம்மைக் கொல்லக்கூடிய கிருமிகள் பலவும் தாக்குப்பிடிப்பதில்லை.

நமக்கோ சடாயு இருக்கிறார். திருக்கழுக்குன்றம் இருக்கிறது. உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் பொங்கல் சாப்பிட்டுப் போனதை யாத்திரை போய்வந்த எங்கள் பாட்டி சொல்லிச் சொல்லி மாய்வார். உச்சிவேளை, வெப்பக்காற்று நன்றாக எழும் நேரமும்கூட. 1998க்குப் பிறகு அவை வரவில்லை. அந்த ஆண்டுகளில்தான் இந்தியாவெங்கும் கழுகுகள் மடிந்துகொண்டிருந்தன, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, அந்த மாடு செத்தபின் அதைத் தின்றவற்றைக் கொன்றதால்.

மலாய்க்காரர்கள் ராஜாளி வகைக்கு ஹெலாங், பிணந்தின்னிக்கு ஹெரிங் என்று பிரித்துவிட்டார்கள். நாம்தான் இரண்டுக்கும் சேர்த்துக் 'கழுகு' என்கிறோம். மலேசியாவில் ஹெரிங் இப்போது வழிதவறி வரும் விருந்தாளி மட்டுமே.

கும்பாபிஷேகம் முடிந்து, படகுத்துறைப் பக்கம் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு செம்பருந்து சர்ரென்று இறங்கி, தண்ணீரில் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்த செத்த மீனைக் கவ்விக்கொண்டு போனது. அக்கா மகள் என்னைப் பார்த்தாள். அக்கா அதற்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டாயிற்று.