பவளத்திட்டும் உச்சிவெயிலும்

கரீபியக் கடலில், செயின்ட் வின்சென்ட் தீவுக்குத் தெற்கே கிரெனடைன்ஸ் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் பெக்வே தீவிலிருந்து டொபேகோ கேஸ் பவளத்திட்டுக்குத் தூரம் ஏறக்குறைய 25 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் ஓடும் பாய்மரப் படகுக்கு ஐந்து மணி நேரப் பயணம். பகல் முழுதும் கையில் இருந்தும், காலையிலேயே நங்கூரத்தைத் தூக்கிவிடுவதுதான் நல்லது. காரணம் சூரியன்.

காற்றைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். அங்கே ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தே வீசுகிறது. நம் கொண்டல் திசை. தெற்கு நோக்கிப் போகும் படகுக்கு அது பக்கவாட்டில் வந்து சேர்கிறது. வளைந்த பாய் அந்தக் காற்றைப் பின்புறமாகத் திருப்பிவிடுகிறது. அதற்கு ஈடாகப் பாய் முன்னோக்கியும் பக்கவாட்டிலும் தள்ளப்படுகிறது. படகின் அடியில் நீருக்குள் இறங்கியிருக்கும் கனத்த செங்குத்துப் பலகை பக்கத் தள்ளலைப் பெருமளவு தடுத்துவிட, முன்னோக்கிய விசை மிஞ்சுகிறது.

தீவின் மறைவைத் தாண்டி இடைவெளிக்குள் நுழைந்ததும் நிலைமை மாறும். காற்று விரைகிறது, மேற்கு நோக்கி நீரோட்டமும் இழுக்கிறது. மணிக்கு ஒரு கடல் மைல் வேக ஓட்டம்தானே என்று வழி முழுதும் விட்டுவிட்டால், ஐந்து மணி நேரத்தில் படகு 5 கடல் மைல் விலகியிருக்கும். அதனால் முகப்பைச் சுமார் 12 பாகை கிழக்கே திருப்பி ஓட்டவேண்டும். சரியாகத்தான் போகிறோமா என்று அறிய எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. போகும் திசையில் அருகிலுள்ள ஒரு பாறையையும் அதற்கு நேர் பின்னே தொலைவில் தெரியும் ஒரு குன்றையும் சேர்த்துப் பார்ப்பது. இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் வழி சரி. பாறை குன்றைவிட்டு நகர்ந்தால் நீரோட்டம் நம்மை இழுக்கிறது.

பவளத்திட்டுக்கு மேற்கே உள்ள மேரோ தீவருகே கிழக்கே திரும்பியதும், வெயில்தான் வழிகாட்டி. வெப்பமண்டலக் கடல்களின் வரைபடங்கள் பல இடங்களில் மிகப் பழைய அளவீடுகளைச் சார்ந்தவை. பவளத்திட்டுக்குள் நுழையும்போது வரைபடம் காட்டும் கருவித்திரையைவிடக் கண்ணை நம்புவதே மேல்.

நீர் சிவப்பொளியை முதலில் விழுங்குகிறது, நீலத்தைக் கடைசியில். ஆகவே ஆழம் கருநீலம். ஆழமற்ற வெண்மணல் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் இளம்பச்சை. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளால் பாறை பழுப்பாகத் தெரியும். பழுப்பைக் கண்டால் விலகவேண்டும். ஆனால் சூரியன் உயரத்தில் இருந்தால்தான் இந்த நிறங்கள் தெரியும். உச்சிவெயிலில் அமைதியான நீர்ப்பரப்பு நூற்றில் இரண்டு பங்கு ஒளியையே திருப்புகிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்துக்குத் தாழ்ந்துவிட்டால், மூன்றில் ஒரு பங்கு மேற்பரப்பிலேயே தெறித்துவிடும். காலையில் கிழக்கு நோக்கி நுழைந்தால் அந்த ஒளி முழுதும் கண்ணில் அடிக்கும். உச்சி சற்றே சாய்ந்த பொழுதில் சூரியன் உயரத்திலும் இருக்கும், முதுகுப் பக்கமும் இருக்கும்.

அப்போதும் மேகநிழல் பாறையைப் போலவே ஏமாற்றும். படகை நிதானப்படுத்திக் காத்திருந்தால், நிழல் நகர்ந்துவிடும்.