திரும்பிப் பார்க்கும் சிலந்தி

சுவரிலோ ஜன்னல் கண்ணாடியிலோ பட்டப்பகலில் ஒரு குட்டிச் சிலந்தி. அரை அங்குலம்கூட இராது. பக்கத்தில் வலை இல்லை. கொஞ்சம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. விரலை அருகே கொண்டுபோனால் உடலைத் திருப்பி நேருக்கு நேர் பார்க்கிறது. இது போதும்; தாவும் சிலந்திதான். பயப்பட ஒன்றுமில்லை.

நிறத்தைவிட இந்தத் திரும்பலை நம்பலாம். அதற்குக் காரணம் கண்களின் அமைப்பு. எட்டுக் கண்களில் இரண்டு மட்டும் முகத்தின் நடுவில் பெரிதாக, உருண்டையாக இருக்கும். இப்படி ஒரு முகம் வேறு வீட்டுச் சிலந்திகளுக்குக் கிடையாது. பக்கவாட்டிலும் தலைக்கு மேலும் உள்ள சிறிய கண்கள் ஏறக்குறைய நாலாபுறமும் அசைவைக் கவனிக்கின்றன. ஏதோ அசைந்தது என்று தெரிந்ததும், அது என்ன என்று பார்க்க, பெரிய கண்கள் அந்தப் பக்கம் வரும்படி உடலையே திருப்பியாக வேண்டும்.

அந்தப் பெரிய கண்கள் உள்ளே நீண்ட குழாய்கள். லென்ஸ் தலையின் ஓட்டோடு ஒட்டியிருப்பதால் கண்ணை உருட்ட வழியில்லை; குழாயின் அடியிலுள்ள விழித்திரையைத்தான் தசைகள் அங்குமிங்கும் நகர்த்துகின்றன. பார்வை மிகக் கூர்மை, ஆனால் இருட்டறையில் டார்ச் அடித்துத் தேடுவதுபோல ஒரு நேரத்தில் கொஞ்ச இடம்தான் தெரியும். வெளிர்நிறச் சிலந்தியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இது புலப்படும்: கறுப்பாக இருந்த கண் சட்டென்று வெளிறும். விழித்திரை அப்போது வேறு பக்கம் நகர்ந்திருக்கிறது.

தூரத்தை அளக்கும் விதம் இன்னும் விநோதம். விழித்திரையில் நான்கு அடுக்குகள். பச்சை ஒளி ஓர் அடுக்கில் தெளிவாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் விழுகிறது. எவ்வளவு மங்கல் என்பதிலிருந்து இரை எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடுகிறது. 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பச்சை வெளிச்சத்தில் சரியாகப் பாய்ந்த சிலந்திகள், சிவப்பு வெளிச்சத்தில் இரைக்கு முன்னாலேயே விழுந்தன.

பாய்ச்சலுக்குத் தடித்த தொடைகள் தேவையில்லை. முன்னுடலின் தசைகள் இறுகும்போது உடல்திரவம் கால்களுக்குள் அழுத்தத்தோடு பாய, பின்கால்கள் விசுக்கென்று நீள்கின்றன. கிளம்புமுன் ஒரு நூலை ஒட்டிவிட்டுத்தான் பாயும். குறி தவறினால் அதில் தொங்கலாம்.

இந்தக் குடும்பத்தில் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வெப்பநாட்டு வீடுகளில் அடிக்கடி தென்படுபவை சிலவே. முதுகில் கறுப்பின் நடுவே வெள்ளைக் கோடு நீளமாக ஓடினால் பெரும்பாலும் பிளெக்சிப்பஸ் பேகுல்லி ஆண். பெண் பழுப்பு, கோடும் மங்கல். தட்டையாகச் சுவரோடு ஒட்டிய சாம்பல்நிறச் சிலந்தி மெனிமெரஸ் பைவிட்டேட்டஸ் ஆக இருக்கலாம். வயிற்றின் முன்புறம் வெள்ளைப் பிறை உள்ள கருஞ்சிலந்தி ஹசாரியஸ் அடான்சோனி ஆண்.

குழப்பம் வருவது ஓநாய்ச் சிலந்தியோடுதான். அதற்கும் பெரிய கண்கள் உண்டு, ஆனால் அவற்றுக்குக் கீழே நான்கு சிறு கண்கள் வரிசையாக இருக்கும், கால்களும் நீளம். உண்மையிலேயே ஆபத்தான கறுப்பு விதவைச் சிலந்தி, பளபளக்கும் உருண்டை வயிற்றோடு தாறுமாறான வலையில் தலைகீழாகத் தொங்கும். பகலில் சுவரில் உலாவி ஆளை உற்றுப் பார்க்கும் பழக்கம் அதற்கு இல்லை.

தாவும் சிலந்திக்கும் விஷம் உண்டு, ஈயையும் கொசுவையும் மடக்கும் அளவுக்கு. கையில் வைத்து நசுக்கினால் கடிக்கலாம். சற்று வலியும் சிவப்பும் வந்து அடங்கிவிடும். வெளியே விடத்தான் வேண்டுமென்றால் ஒரு டம்ளரால் மூடி, அடியில் அட்டையை நுழைத்து எடுத்துப் போகலாம். அதற்குமுன், என்ன இனம் என்று கேட்கும் எண்ணமிருந்தால், முகத்தை ஒன்றும் முதுகை ஒன்றுமாகப் படமெடுத்து வையுங்கள். முதுகுப் படம் மட்டும் இருந்தால் கண் அமைப்பு தெரியாது. இரண்டும் இருந்தாலும் சில இனங்களை நுண்ணோக்கியில் வைத்துத்தான் பிரிக்க முடியும்.