டாக்குமெண்டரி: ஆவணப்படம்

டாக்குமெண்டரிக்கு வேர் லத்தீன். 'தோகேரே' என்றால் கற்பித்தல். அதிலிருந்து வந்த 'தோகுமெந்தும்' பாடத்தையும் சான்றையும் குறித்தது. 'டாக்டர்' முளைத்ததும் இதே வேரில்தான். பிரெஞ்சுக்காரர்கள் பயணப் படங்களை 'டாக்குமெண்டரி' என்ற பொருளில் வரும் சொல்லால் அழைத்தார்கள். அமெரிக்க இயக்குநர் ராபர்ட் பிளாஹர்ட்டி பசிபிக் தீவான சமோவாவில் எடுத்த 'மோவானா' படத்துக்கு 1926 பிப்ரவரியில் மதிப்புரை எழுதிய ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கிரியர்சன், அதில் 'டாக்குமெண்டரி மதிப்பு' இருப்பதாகச் சொன்னார். ஆங்கிலத்தில் சொல் வேரூன்றியது அதன் பிறகே. பின்னாளில் அவரே இதைச் செப்பமில்லாத பெயர் என்றார். ஆனாலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

தமிழில் வழங்கும் 'ஆவணப்படம்' அதைவிடச் செப்பமானது. ஆவணம் பழைய சொல். கடைத்தெரு என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு. நமக்கு வேண்டியது மற்றது, எழுத்துச் சான்று என்ற பொருள். அகநானூறு 77ஆம் பாட்டில், கயிற்றால் கட்டிய குடத்தின் இலச்சினையைப் பார்த்து, அதை அழித்து, உள்ளிருக்கும் ஓலைகளை எடுப்பவர்கள் 'ஆவண மாக்கள்'. முத்திரை சரியா என்று பார்த்த பிறகுதான் ஓலை வெளியே வருகிறது. சோழர் கல்வெட்டில் நிலம் விற்ற பத்திரம் 'விலையாவணம்'. இன்றும் பத்திரம் எழுதித் தருபவர் 'ஆவண எழுத்தர்'. ஆக, சான்று காட்டும் கடமை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இலங்கையில் வழங்கும் 'விவரணப்படம்' விவரிப்பதை மட்டும் சொல்கிறது. 'செய்திப்படம்' நியூஸ்ரீலுக்கு, அதாவது திரையரங்கில் காட்டிய செய்தித் தொகுப்புக்குப் பொருந்தும். 'குறும்படம்' நீளத்தைக் குறிக்கும் சொல். கற்பனைக் கதையும் குறும்படமாகலாம்.

மூத்த இயக்குநர் ஒருவரைப் பற்றி எடுக்கும்போது இந்தக் கடமை கனமாகிறது. ஷியாம் பெனகல் சத்யஜித் ராயைப் பற்றி எடுத்த படத்தில் ராயே நீளமாகப் பேசுகிறார்; தன் 'கரே பாய்ரே' படத்தின் படப்பிடிப்பில் அவர் வேலை செய்வதும் கண்முன் நடக்கிறது. அது ஆவணம். பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து 'பெரிய மேதை' என்பது வாழ்த்துமடல். நடிகர் ஒருவர் இயக்குநராக நடித்தால் அது பயோபிக். ஒரே படம் உருவான விதத்தைக் காட்டினால் 'மேக்கிங்'.

பிழை நுழையும் இடங்கள் தெரிந்தவைதான். இயக்குநர் எண்பது வயதில் நினைவிலிருந்து சொல்லும் ஆண்டு தவறக்கூடும். தணிக்கைச் சான்றிதழையும் பாட்டுப் புத்தகத்தையும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். 1.37:1 சட்டகத்தில் (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) எடுத்த பழைய படத்தை இன்னும் அகலமான 16:9 திரையில் இழுத்தால் முகங்கள் உப்பும்; நிரப்பிப் பெரிதாக்கினால் தலையும் காலும் வெட்டுப்படும், அவர் அமைத்த காட்சியே போய்விடும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விடுவதே நேர்மை. பழைய படத்திலிருந்து எடுக்கும் துண்டுக் காட்சிக்கு இயக்குநரின் சம்மதம் மட்டும் போதாது. இந்தியச் சட்டப்படி படத்தின் உரிமை முதலில் தயாரிப்பாளருடையது, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு. அதை அவர் விற்றிருந்தால் வாங்கியவரைத் தேட வேண்டும். இதைக் கடைசி நேரத்தில் கவனித்தால், படத்தொகுப்பு முடிந்த காட்சியைத் தூக்க நேரும்.

எழுதும்போது: ஆவணம் + படம் சேர்கையில் மகரம் கெட்டு ப் மிகும், 'ஆவணபடம்' பிழை. 'இயக்குநரின் ஆவணப்படம்' என்றால் அவர் எடுத்தது என்றும் பொருள்படும். அவரைப் பற்றியது என்றால் 'இயக்குநர் குறித்த ஆவணப்படம்' என்றே எழுதுங்கள்.