எஃப்குளோஸ் தோற்றால்? சி பேட்ச் பார்ப்பவர்களுக்கு

ஐப்பசி அடைமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரியும், கரண்ட் போகும். மழைமானியின் கணக்கு அப்போதுதான் மிகவும் வேண்டும். அந்தக் கணக்கைக் கோப்பில் பதியும் சி நிரலுக்கு ஒரு பேட்ச் (நிரலில் செய்யும் திருத்தம்) வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் எழுதும் எஃப்பிரிண்ட்எஃப் தரும் விடையைச் சோதித்திருக்கிறார்கள். கோப்பை மூடும் எஃப்குளோஸ் தருவதை விட்டுவிட்டார்கள். இதை ஏற்கக் கூடாது. எஃப்பிரிண்ட்எஃப் பெரும்பாலும் பஃபரில்தான் (மெமரியில் உள்ள தற்காலிக இடம்) எழுதுகிறது. மெமரி கார்டு நிரம்பிவிட்டது என்பது பஃபரைக் கொட்டும்போதுதான் தெரியும். அதைச் சொல்ல மிஞ்சியிருக்கும் கடைசி இடம் எஃப்குளோஸ். அதுவும் தரவைக் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) வரைதான் சேர்க்கும். கரண்ட் போனாலும் பதிவு நிற்க வேண்டுமென்றால் முதலில் பஃபரைக் கொட்டும் எஃப்ஃபிளஷ், பிறகு கார்டிலேயே எழுதவைக்கும் எஃப்சிங்க், அதன்பின் எஃப்குளோஸ். மூன்றின் விடையையும் பார்க்க வேண்டும்.

சோதிப்பது எளிது. லினக்ஸில் பதிவுக் கோப்பின் பெயராக /டெவ்/ஃபுல் என்று கொடுங்கள். எழுதப்போகும் ஒவ்வொரு முறையும் ‘இடமில்லை’ என்னும் 28-ஆம் எண் பிழை வரும். நிரல் அப்போதும் ‘வெற்றி’ என்னும் பொருளில் 0 சொல்லி முடிந்தால் பேட்சைத் திருப்பி அனுப்பலாம்.

ஒரு ஃபங்ஷன் பாதியில் தோற்றால், அதுவரை எடுத்த மெமரி, திறந்த கோப்பு எல்லாவற்றையும் கடைசியில் எடுத்ததிலிருந்து தொடங்கித் திருப்பித் தர வேண்டும். ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து ஏறுகிற வண்டி 20-ஆவது வளைவைத் தாண்டி நின்றுவிட்டால் 20, 19, 18 என்றுதான் இறங்கியாக வேண்டும். ஏறாத 21 கணக்கில் வராது. தோற்றதும் கோட்டூ தாவிப்போய், எடுத்ததைத் திருப்பித் தரும் லேபிள்களின் வரிசையும் அப்படித்தான். நடுவில் புதிதாக ஒரு மல்லாக் (மெமரி கேட்கும் அழைப்பு) சேர்க்கும் பேட்ச்தான் இங்கே அதிகம் சறுக்கும்: அதற்குக் கீழே உள்ள கோட்டூக்கள் பழைய லேபிளுக்கே தாவும், புது மெமரி கசியும். பேட்சைக் காட்டும் டிஃப்பில் மாறிய வரிகளும் சுற்றியுள்ள சில வரிகளும்தான் தெரியும்; தள்ளியிருக்கும் அந்தக் கோட்டூக்கள் கண்ணில் படாது. ஃபங்ஷன் முழுவதையும் திறந்து படியுங்கள்.

தாவும் முன் ஃபங்ஷன் திருப்பி அனுப்பும் ‘ரெட்’ மாறியில் பிழை எண் ஏறியதா? முந்தைய அழைப்பு விட்டுப்போன 0 அதில் இருந்தால், தோல்வி வெற்றியாக மேலே போகும். 2014-இல் ஆப்பிள் திருத்திய எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைப்பு) ஓட்டையிலும் இந்த 0தான் வினை. ‘கோட்டூ ஃபெயில்’ வரி இருமுறை விழுந்ததால் கையொப்பச் சரிபார்ப்பைத் தாண்டிக் குதித்து, எல்லாம் சரி என்று திரும்பியது.

மெமரியின் அளவை மாற்றும் ரீஅல்லாக்கின் விடையை, முகவரி வைத்திருக்கும் அதே பாயிண்டரில் வாங்கினால், தோற்கும்போது நல் (வெற்று முகவரி) வந்து பழைய முகவரி தொலையும். வேறு பாயிண்டரில் வாங்கச் சொல்லுங்கள். பிழை எண் இருக்கும் எர்னோவை லாக் எழுதிய பிறகு படிப்பதும் தவறு. லாக் எழுதும் அழைப்பே அதை மாற்றிவிடலாம்.

‘பிழை கையாளுதல் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் பேட்ச் அனுப்பியவருக்கு ஒன்றும் விளங்காது. ‘84-ஆம் வரியில் மல்லாக் தோற்றால், 71-இல் திறந்த கோப்பு மூடப்படுவதில்லை’ என்று எழுதுங்கள்.