வீடு திருத்தித் தராத வீட்டுக்காரர்: ரொறன்ரோவில் யாரிடம் முறையிடுவது?

ரொறன்ரோவில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் பலர், குளியலறை சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டினாலும் கட்டடப் பொறுப்பாளரிடம் வாயால் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவரும் "சரி, பார்க்கிறன்" என்பார். சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடித்த பிறகு மாநகராட்சியின் 311-ஐ அழைத்தால், முதலில் வரும் கேள்வி, "உரிமையாளருக்கு அறிவித்தீர்களா?" வாயால் சொன்னதை எப்படிக் காட்டுவது? அதனால் முதல் நாளே மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்புங்கள். படமும் எடுத்து வையுங்கள்.

2017 ஜூலையிலிருந்து ரென்ற்சேஃப் என்றொரு மாநகராட்சித் திட்டம் இருக்கிறது. அதன்படி தண்ணீர், வெப்பம், மின்சாரம் போன்ற அவசரக் குறைகளுக்கு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள்ளும், மற்றவற்றுக்கு 7 நாட்களுக்குள்ளும் பதில் தரவேண்டும். ஆனால் மூன்று மாடியும் பத்து வீடும் கொண்ட, அல்லது அதைவிடப் பெரிய வாடகைக் கட்டடங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். அந்தக் கட்டடங்களுக்கு மாநகராட்சி போடும் புள்ளிகளை நம்பி வீடு எடுக்காதீர்கள். லொபி, லிஃப்ட், படிக்கட்டு போன்ற பொது இடங்களைப் பார்த்துத்தான் பெரும்பாலும் புள்ளி போடுகிறார்கள். உங்கள் குசினிக்குள் ஓடும் கரப்பான்பூச்சி அதில் தெரியாமல் போகலாம்.

ஸ்காபரோவில் பேஸ்மென்ற்களில், அதாவது நிலக்கீழ் வீடுகளில், இருப்பவர்கள்தான் அதிகம் அலைக்கழிகிறார்கள். 311-இல் "உங்கள் வீடு ரென்ற்சேஃபில் வராது" என்றதும் போனை வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். வீட்டுப் பராமரிப்புத் தரம் பற்றிய மாநகரத் துணைவிதி, 629ஆம் அத்தியாயம், பேஸ்மென்றுக்கும் கொண்டோவுக்கும் பொருந்தும். அதன் கீழ் முறைப்பாட்டைப் பதியச் சொல்லி, பதிவு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று மட்டும் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். பிறகு அதிகாரி அழைக்கும்போது தெரியாத இலக்கம் என்று விட்டுவிட வேண்டாம். அவர் வரும் நாளில் கதவைத் திறக்க ஒருவர் வீட்டில் இருக்கவும் வேண்டும். அழைப்பைத் தவறவிட்டதற்காகவே முறைப்பாட்டுக் கோப்பை மூடிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வதைக் கண்டிருக்கிறேன். வேலைக்குப் போகிறவர்கள் பகலில் போன் எடுக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாதா?

"இது அனுமதி எடுக்காத பேஸ்மென்ற், உங்களுக்கு உரிமை ஒன்றும் இல்லை" என்று வீட்டுக்காரர் மிரட்டினால் நம்பாதீர்கள். அனுமதி எடுக்காதது அவருடைய குற்றம். ஒன்ராறியோவின் வாடகைச் சட்டம் அங்கேயும் உங்களைக் காக்கும். உண்மையான பொறி வேறு. குசினியையோ குளியலறையையோ, அதே கட்டடத்தில் வசிக்கும் உரிமையாளருடனோ அவரது நெருங்கிய குடும்பத்துடனோ பகிரவேண்டும் என்பது ஏற்பாடானால், அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. வாடகை மலிவு என்று அறை எடுக்குமுன் இதைப் பாருங்கள்.

மாநகர அதிகாரி திருத்தச் சொல்லி உத்தரவிடலாம். ஆனால் நீங்கள் பட்ட கஷ்டத்துக்கு ஒரு டொலர்கூட வாங்கித் தரமாட்டார். வாடகையில் கழிவு வேண்டுமென்றால், மாகாணத்தின் வாடகைத் தீர்ப்பாயத்தில் ரி6 படிவம் போடவேண்டும், அதுவும் ஒரு வருடத்துக்குள். இரண்டு அலுவலகமும் தனித்தனி என்பதை யாரும் விளக்குவதில்லை, மாறிமாறி அனுப்புவார்கள். மாநகராட்சியின் உத்தரவுப் பிரதி தீர்ப்பாயத்தில் நல்ல சாட்சி. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வாடகை கட்டாததற்காக வீட்டை விடச் சொல்லும் என்4 அறிவித்தல் உடனே வரும். பிறகு நீங்கள்தான் குற்றவாளிபோல் தீர்ப்பாயத்தில் நிற்பீர்கள்.

முறைப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரர் "வீட்டை விடுங்கோ" என்றால், அந்த வாய்ப்பேச்சுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. தீர்ப்பாயத்தின் உத்தரவோடு, அதை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரீஃப்தான் வெளியேற்றலாம். ஆனால் என்11 என்ற தாளை நீட்டினால் கவனம். அது நீங்களாகவே போகச் சம்மதிக்கும் படிவம். கையெழுத்து வைக்காமல், ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிச் சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களிடம் அங்கே காசு வாங்கமாட்டார்கள்.