ஸ்டியரிங் ஆட்டம்: பழைய மினி டிராக்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் முந்திரி, பலாத் தோப்புகளில் ஓடுகிற மினி டிராக்டர்கள்தான் எங்கள் பட்டறைக்கு அதிகம் வருகின்றன. பெரும்பாலும் 15, 18 எச்பி வண்டிகள், பல வருடம் உழைத்தவை. இன்ஜின் புகைந்தால் மறுநாளே கொண்டுவந்து விடுகிறார்கள். ஸ்டியரிங் ஆடினால் வருவதில்லை, கை அதற்குப் பழகிவிடுகிறது. கால் சுற்று சும்மா சுற்றிய பிறகுதான் சக்கரம் திரும்பும் என்று தெரிந்தே ஓட்டுகிறார்கள். அப்படியே வந்தாலும், "அறுப்பு முடியட்டும் தம்பி, இப்போதைக்கு ஸ்டியரிங் பாக்ஸைக் கொஞ்சம் டைட் வெச்சுக் குடு" என்பார்கள்.

தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். பாக்ஸ் மேலே இருக்கிற அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ, உள்ளே இருக்கும் கியர் பற்களின் இடைவெளிக்காக வைத்தது. டை ராடு எண்டிலோ (முன் சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை ஜாயிண்ட்) கிங் பின்னிலோ (முன் சக்கரம் திரும்புகிற அச்சு) இருக்கும் ஆட்டம் அதை முறுக்கினால் போகாது. பற்கள் நடுவில்தான் அதிகம் தேயும். நடுவுக்குச் சரியாக இறுக்கினால், முழுசாக ஒடிக்கும்போது சிக்கிக்கொள்ளும். நல்ல பாக்ஸும் கெடும், தேய்ந்த ஜாயிண்ட்டும் அப்படியே இருக்கும்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகக் கொஞ்சம் கொஞ்சம் அசைக்க வேண்டும். இன்னொருவர் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு பால் ஜாயிண்ட்டின் (கம்பி முனையில் இருக்கும் உருண்டை மூட்டு) மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கம்பி நகர்ந்து, அதோடு இணைந்த ஆர்ம் தாமதமாக நகர்ந்தால் அந்த ஜாயிண்ட் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, கீழே மரக்கட்டை அண்டை கொடுத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கார் மெக்கானிக் என்றால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி, ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் வேறு என்று பிரித்துவிடுவார். டிராக்டரில் முன் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது. அதனால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஹப் மட்டும் ஆடினால் வீல் பேரிங். ஸ்டப் ஆக்சிலோடு (ஹப் மாட்டியிருக்கும் குட்டி ஆக்சில்) சேர்ந்து ஆடினால் கிங் பின் அல்லது அதைச் சுற்றியிருக்கும் புஷ். ஆக்சிலே முன்னும் பின்னும் நகர்ந்தால் நடுவில் இருக்கும் சென்டர் பின். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. (இதெல்லாம் டூ வீல் டிரைவ் வண்டிக்கு. ஃபோர் வீல் டிரைவின் முன் ஆக்சில் வேறு அமைப்பு.)

எனக்கு அதிகம் கவலை தருவது வெல்டிங் வேலைதான். தேய்ந்த கிங் பின்னில் வெல்டு ஏற்றிக் கடைந்து மாட்டுகிறார்கள், பால் ஜாயிண்ட்டின் அடியில் ஒரு பொட்டு வெல்டு வைத்து ஆட்டத்தை நிறுத்துகிறார்கள். கிங் பின் மேல்தோல் கடினப்படுத்தின இரும்பு. வெல்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் அது கண்ணாடி போல ஆகி, விரிசல் விடும். தோப்புக்குள் முதல் கியரில் போகும்போது உடைந்தால் சக்கரம் சாயும், அவ்வளவுதான். அதே வண்டி டிரெய்லரில் கரும்பு ஏற்றி நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும்போது உடைந்தால்? டிரெய்லர் பாரம் ஏற்கெனவே முன் சக்கரத்தை லேசாக்கியிருக்கும். எதிரே பஸ் வரும். பால் ஜாயிண்ட் கழன்ற பிறகு ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் நடக்காது.

பழைய மாடலுக்கு கிங் பின் கிடைக்கவில்லை என்றால் லேத்தில் கடையலாம், தப்பில்லை. சாதாரண கம்பியில் கடைந்து அப்படியே மாட்டாமல், கடைந்ததும் ஹார்டனிங் செய்து வாங்குங்கள். புஷ்ஷை பிரஸ்ஸில் இறக்குங்கள், புஷ்ஷின் கிரீஸ் ஓட்டை ஆக்சிலின் கிரீஸ் ஓட்டையோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இறக்கிய புஷ் கொஞ்சம் சுருங்கும், ரீமர் (ஓட்டையை அளவாகக் கடையும் கருவி) போட்ட பிறகு கிங் பின் கையால் திரும்ப வேண்டும். ஆக்சில் ஓட்டையே முட்டை வடிவத்துக்குப் போயிருந்தால் போரிங் செய்து ஸ்லீவ் போடுங்கள். தகரம் சுற்றி அடிப்பதும், பஞ்ச் குத்தி இறுக்குவதும் ஒரு சேடை (சேற்று உழவு) ஓட்டக்கூடத் தாங்காது.

டை ராடு எண்ட் மாற்றும்போது, பழையதில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின் புதிதாகத்தான் போட வேண்டும். ஓட்டை சேரவில்லை என்று நட்டைப் பின்னால் தளர்த்தக் கூடாது, அடுத்த ஓட்டை வரை முன்னால் இறுக்க வேண்டும். அப்புறம் டோ இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்ளே பார்த்திருப்பது) பார்ப்பது: ரிம்மின் முன்பக்கம், ஹப் உயரத்தில் இரண்டு பக்கமும் சாக்பீஸ் கோடு போட்டு இடைவெளியை அளந்து, வண்டியை அரைச் சுற்று தள்ளி, அதே கோடுகளைப் பின்பக்கம் அளக்க வேண்டும். முன் அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கும், எவ்வளவு என்பதை வண்டியின் புத்தகம் சொல்லும். இதைச் செய்யாமல் அனுப்பினால் முன் டயர் ஓரம் சீக்கிரமே தேய்ந்து மழுங்கிவிடும்.

இவ்வளவு தேய்மானத்துக்கும் காரணம் நம்ம ஊர் செம்மண்ணும் சேறும்தான். பழைய கிரீஸில் மணல் சேர்ந்தால் அது இரும்பை அரைக்கிற பசை. நிப்பிளைத் துடைத்துவிட்டு, சக்கரத்தைத் தூக்கி வைத்து கிரீஸ் அடியுங்கள். வண்டி எடை கிங் பின் மேல் உட்கார்ந்திருந்தால் அந்த எடையைத் தாங்குகிற த்ரஸ்ட் பேரிங்குக்கு கிரீஸ் போகாது. அழுக்கு கிரீஸ் வெளியே வந்து, புது கிரீஸ் தெரிகிறவரை அடிக்க வேண்டும். சேடை ஓட்டுகிற நாட்களில் தினமும் சாயங்காலம்.

2024 டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் வந்தபோது எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. இன்ஜின் ஆயிலை மாற்றினார்கள், முன் ஹப்பைத் திறந்தவர்கள் குறைவு. உங்கள் வண்டி அப்படி நின்றிருந்து இன்னும் ஹப் திறக்கவில்லை என்றால், திறந்து பாருங்கள். கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே இருக்கிறது. பேரிங்கை டீசலில் கழுவி, புள்ளி விழுந்திருந்தால் மாற்றி, ஆயில் சீல் புதிதாகப் போட்டுத்தான் மூட வேண்டும்.